பதுங்கும் பூனைக்கு என்ன ஆயிற்று? - கால்நடை மருத்துவர் பதில்கள்

இப்பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பூனைகளைப் பற்றியவையே மிகுதி. நேற்று வரை நன்றாக இருந்த பூனை இன்று வேறு விதமாக நடந்துகொள்கிறது என்ற குறை அவற்றுள் பலவற்றில் இருந்ததால், இந்த இதழில் அதற்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறோம். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

வாசகி, திருச்சி: எங்கள் பெட்டைப் பூனைக்கு நான்கு வயது. குட்டியாக இருந்தபோது மழைநீர்க் கால்வாயிலிருந்து எடுத்து வளர்த்தோம். கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இயல்பிலேயே பயந்த சுபாவம்தான். விருந்தினர் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆனால் எங்களிடம் ஒட்டுதலாகவே இருந்தது. மூன்று வாரங்களாக எங்களைக் கண்டாலே சீறுகிறது. பகல் முழுவதும் பரணில் பழைய பெட்டிகளுக்கு நடுவே பதுங்கியிருந்து, நாங்கள் உறங்கிய பிறகே இறங்கிவந்து சாப்பிடுகிறது. இரண்டு முறை மெத்தையில் சிறுநீர் கழித்துவிட்டது. மாடி வீட்டில் டைல்ஸ் பதிக்கும் வேலை நடக்கிறது; ஊரிலிருந்து என் மாமியாரும் வந்திருக்கிறார். வெளியே இழுத்து மடியில் வைத்துச் சமாதானப்படுத்தினால் கையைக் கீறுகிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம், இரண்டு அடி போட்டால் சரியாகும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அடி வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூனை பழிவாங்குவதற்காக மெத்தையை நனைப்பதில்லை. தண்டிக்கப்பட்ட பூனை அந்த வலியைத் தான் செய்த காரியத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை; அடித்த ஆளோடும் அடிபட்ட இடத்தோடும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே அஞ்சி ஒளிந்திருக்கும் பூனைக்கு, அஞ்சுவதற்கு இன்னும் ஒருவரைச் சேர்த்துக் கொடுப்பதுதான் அதனால் விளையும் பயன்.

அடுத்து, பூனையை மருத்துவரிடம் காட்டுங்கள். மாடியில் நடக்கும் வேலையே காரணம் என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினாலும் காட்டுங்கள். பூனை எலியைப் பிடிக்கும் விலங்கு என்பது எல்லோரும் அறிந்தது. தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்குத் தானும் இரையாகக்கூடியது என்பதால் நோயையும் வலியையும் கூடுமானவரை வெளியே காட்டாமல் மறைக்கும் இயல்பு அதற்கு உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பல்லின் வேரில் சீழ், காதுக்குள் உண்ணி, மூட்டு வலி, சிறுநீர்ப்பை அழற்சி ஆகிய எதுவும் முனகலாக வெளிப்படாமல் பதுங்கலாகவும் சீறலாகவும் மட்டுமே வெளிப்படலாம். நீங்கள் தூக்கும்போது மட்டும் கீறுகிறது என்றால், தூக்கும் அந்த அசைவே வலிக்கிறதோ என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். மெத்தையில் சிறுநீர் கழித்ததை நீங்கள் கடைசியாகவும் போகிற போக்கிலும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். கிருமித் தொற்று எதுவும் இல்லாமலேயே, மன அழுத்தத்தை ஒட்டிச் சிறுநீர்ப்பை அழன்று, அடிக்கடி சொட்டுச் சொட்டாகவும் வலியோடும் சிறுநீர் கழிக்கும் நோய் பூனைகளிடம் பரவலாகக் காணப்படுகிறது. அச்சம் நோயைத் தூண்டும். நோயின் வலி அச்சத்தைக் கூட்டும். ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை, வாய், காது, வயிறு ஆகியவற்றின் பரிசோதனை ஆகியவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

உடலில் கோளாறு இல்லை என்று தெரிந்தால், அல்லது இருப்பதற்கு மருந்து தொடங்கிவிட்டால், வீட்டைக் கவனிக்கலாம். மாற்றம் எந்த நாளில் தொடங்கியது, அதையொட்டி வீட்டில் வேறு என்ன தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாமியார் வந்தது முதலா, இயந்திரச் சத்தம் கேட்டது முதலா என்பது அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்கும். பூனையின் காது ஏறத்தாழ 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். டைல்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் கிறீச்சொலியில் நம் செவிக்கு எட்டாத ஒரு பகுதியும் அதற்குக் கேட்கிறது, தரையின் அதிர்வு வேறு. வேலை தொடங்கும் நேரத்தை மாடி வீட்டாரிடம் கேட்டு, அதற்கு அரை மணி நேரம் முன்பே, சத்தம் மிகக் குறைவாக வரும் அறையில் பூனைக்குத் தேவையான எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள். அது சிறுநீரும் மலமும் கழிக்கும் மணல் தட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது குளியலறையில் இருந்து, சரியாக அதற்கு மேலே இயந்திரம் ஓடுகிறது என்றால், மெத்தை ஏன் நனைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒளியும் இடத்தை அடைக்காதீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பகம் ஒன்றுக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்து, 2014-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிட விரைவில் புது இடத்துக்குப் பழகின. ஒளிந்துகொள்ள முடியும் என்ற உறுதி இருந்தால்தான் பூனை வெளியே வரத் துணியும். ஆனால் பரண் நல்ல இடமன்று. அங்கே நீங்கள் உணவு வைக்கவும் முடியாது, அதன் உடல்நிலையைப் பார்க்கவும் முடியாது. எனவே, அதைவிட நல்ல மறைவிடம் ஒன்றைக் கீழே செய்து கொடுங்கள். நடுத்தர அளவுள்ள அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, இரு பக்கமும் வாசல் வெட்டி, உள்ளே நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய புடவையை மடித்துப் போட்டு, சுவரோரமாக வையுங்கள். பீரோவின் மேல் ஏற வழியிருந்தால் அங்கேயும் ஒன்று வைக்கலாம். உயரம் பூனைக்கு ஆறுதல். உணவும் தண்ணீரும் அருகில் இருக்கட்டும், மணல் தட்டு மட்டும் சற்றுத் தள்ளி இருக்கட்டும். உண்ணும் இடத்துக்குப் பக்கத்தில் கழிக்கப் பூனைக்குப் பிடிக்காது.

மடியில் இழுத்து வைத்துச் சமாதானப்படுத்துவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அருகில் வருவதா வேண்டாமா என்பதை இனி பூனை முடிவு செய்யட்டும். மறைவிடத்திலிருந்து சில அடி தள்ளித் தரையில், முகத்தை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் அமர்ந்து, செய்தித்தாளையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டிருங்கள். பூனை உங்களைப் பார்த்தால், வெறித்துப் பார்க்காமல் கண்களை மெல்ல மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மெல்லக் கண்சிமிட்டிய மனிதரை நோக்கிப் பூனைகளும் கண்களைச் சுருக்கின. புதியவராக இருந்தாலும் அவர் நீட்டிய கையருகே வருவதற்குக் கூடுதலாக முன்வந்தன. எழுந்து போகும்போது வேகவைத்த மீன் துண்டு ஒன்றை, மஞ்சளும் உப்பும் சேர்க்காமல், பாதி வழியில் வைத்துவிட்டுப் போங்கள். தானாக வந்து உரசினால் தாடையிலும் கன்னத்திலும் மட்டும் இரண்டு மூன்று நொடிகள் தடவிவிட்டுக் கையை எடுங்கள். மறுபடி தலையை நீட்டினால் தொடரலாம். காது பக்கவாட்டில் சாய்வதும், வாலின் நுனி வெடுக்கென்று அடிப்பதும், கண்மணி விரிவதும் போதும் என்பதன் அறிகுறிகள். சீறலுக்கு முன் இவை எல்லாம் வந்திருக்கும், நாம்தான் கவனிப்பதில்லை.

உங்கள் மாமியார் பூனையைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். கொஞ்ச முயலாத விருந்தினரைத்தான் பயந்த பூனைகள் முதலில் நம்புகின்றன என்பது பூனை வளர்க்கும் வீடுகளில் பலரும் கண்டிருக்கும் வேடிக்கை. சில நாள்கள் கழித்து, அவர் கையாலேயே உணவுத் தட்டை வைக்கச் சொல்லுங்கள்.

மெத்தையில் பட்ட இடத்தை, வளர்ப்புப் பிராணிப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். ஃபினாயில் வேண்டாம். அதிலுள்ள வேதிப்பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க இயலாது. நனைந்த பாதத்தை நக்கினாலே நஞ்சாகலாம்.

இப்படிச் செய்தால் சில வாரங்களில் படிப்படியாக மாற்றம் தெரிய வேண்டும். அதற்குள் ஒரு முழு நாள் எதுவும் உண்ணாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, சில நாள்களிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பூனை கன்னத்தை உரசி விட்டுச்செல்லும் முகச் சுரப்பின் மணத்தைப் போலச் செயற்கையாகத் தயாரித்து மின்செருகியில் மாட்டும் திரவம் சில பூனைகளுக்கு உதவுகிறது, சிலவற்றுக்கு உதவுவதில்லை. வாங்கிப் பார்ப்பதில் தவறில்லை, அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அச்சம் தணிக்கும் மாத்திரைகளும் உண்டு. அவற்றை மருத்துவர் எடையைப் பார்த்து எழுதித் தந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும்.

வாசகர், சேலம்: எங்கள் கடுவன் பூனை நேற்று மாலை முதல் மணல் தட்டுக்கும் குளியலறைக்கும் மாறி மாறிப் போய் உட்காருகிறது, ஒன்றும் வருவதில்லை. அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கிறது. தொட்டால் கத்துகிறது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

பதில்: இக்கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்ற வாசகர்களுக்காக இங்கே தருகிறேன். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை முழுவதும் அடைத்துவிடக்கூடும். அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாள்களுக்குள் இதயம் நின்றுவிடலாம். முக்கியும் சிறுநீர் வராத கடுவனை, நள்ளிரவாக இருந்தாலும், அந்த மணியிலேயே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். விளக்கெண்ணெயும் வேண்டாம், வயிற்றை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். வலிக்கு என்று வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும்.

வாசகி, மதுரை: ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைப் பூனைகள், ஐந்து ஆண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து உறங்கியவை. ஒன்றைப் பல் சுத்தம் செய்ய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்பியதிலிருந்து, வீட்டில் இருந்தது அதைக் கண்டாலே பாய்ந்து அடிக்கிறது. போய்வந்தது பயந்து அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. உடன்பிறப்பையே மறந்துவிடுமா?

பதில்: மறக்கவில்லை, அடையாளம் தெரியவில்லை. பூனைகளுக்குள் மணம்தான் அடையாள அட்டை. ஒன்றையொன்று உரசியும் நக்கியும் உண்டாக்கிக்கொண்ட பொது மணத்தின் மேல், மயக்க மருந்து, ஸ்பிரிட், வேற்று விலங்குகள் ஆகியவற்றின் வாடை ஏறிவிட்டது. மயக்கம் முழுவதும் தெளியாததால் போய்வந்த பூனையின் நடையும் பார்வையும் மாறியிருந்திருக்கும். வீட்டிலிருந்தது அதை அந்நியப் பூனை என்று எண்ணித் தாக்கியது. தாக்கப்பட்டதற்கு இப்போது உண்மையான அச்சம் வந்துவிட்டது.

தாமே அடித்துப் பிடித்துச் சமாதானமாகட்டும் என்று விடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அதனால் சில நாள்களில் தீரவேண்டியது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இரண்டையும் வெவ்வேறு அறைகளில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். உணவு, தண்ணீர், மணல் தட்டு தனித்தனியாக இருக்கட்டும். ஒரு துணியால் இதன் கன்னத்தைத் துடைத்து அதன் படுக்கையில் போடுங்கள், அதனுடையதை இங்கே கொண்டுவாருங்கள். அந்தத் துணியை முகர்ந்து சீறாமல் இருக்கும் நிலை வந்தபின், மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு வைத்து, நாளுக்கு நாள் தட்டைக் கதவுக்கு அருகே நகர்த்துங்கள். பிறகு கொசுவலை அடித்த கதவோ, விரலளவு திறந்த கதவோ வழியாகப் பார்க்க விடலாம். அடுத்த கட்டமாக ஓர் அறையில் எதிரெதிர் மூலைகளில் சில நிமிடங்கள் உணவு கொடுத்துப் பிரித்துவிடுங்கள். எந்தப் படியில் சீறல் வந்தாலும் முந்தைய படிக்குத் திரும்புங்கள். சண்டை மூண்டால் இடையில் கையை விடாதீர்கள். ஓர் அட்டையையோ தலையணையையோ நடுவில் நுழைத்தால் பார்வை மறைந்து இரண்டும் விலகும். அடுத்த முறை ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால், திரும்பியதும் ஒரு நாளாவது தனியறையில் வைத்திருந்து, வீட்டு மணம் ஏறியபின் சேர்த்து விடுங்கள்.

வாசகர், கோயம்புத்தூர்: பதின்மூன்று வயதுப் பூனை. சில நாள்களாக இரவில் கூடத்தில் நின்று ஓலமிடுகிறது. வெளிச்சமான இடத்திலும் சுவரோரமாகவே நடக்கிறது. நிழலைக் கண்டால் திடுக்கிடுகிறது. வயதான பூனை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. இருட்டில் ஒரு டார்ச் விளக்கை அதன் முகத்தருகே அடித்துப் பாருங்கள். கண்மணி சுருங்காமல் விரிந்தபடியே இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். முதிய பூனைகளுக்குச் சிறுநீரக நோயாலோ தைராய்டு மிகையாலோ இரத்த அழுத்தம் ஏறி, விழித்திரை கழன்று திடீரெனப் பார்வை போவதுண்டு. பார்வை போன பூனை சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பதும், அருகில் வருபவரைக் கண்டு திடுக்கிடுவதும் இயல்பே. உடனடியாக இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் சிலவற்றுக்குப் பார்வை ஓரளவு திரும்பலாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா, தண்ணீர் மிகுதியாகக் குடிக்கிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். முதலாவது தைராய்டையும், இரண்டாவது சிறுநீரகத்தையும் சர்க்கரை நோயையும் ஐயப்பட வைக்கும். இவை எதுவும் இல்லை என்றால் முதுமை மறதியாக இருக்கலாம். அப்போது அறைகலன்களை இடம் மாற்றாமல் வைத்து, இரவில் சிறு விளக்கு ஒன்றை எரியவிட்டால் ஓலம் பெரிதும் குறையும்.

வாசகி, சென்னை: கடந்த தீபாவளியன்று எங்கள் பூனை சமையலறை சன்னல் வழியே ஓடிப்போய் நான்கு நாள் கழித்தே திரும்பியது. அதிலிருந்து குக்கர் விசிலுக்குக்கூட நடுங்குகிறது. இந்த ஆண்டு எப்படிச் சமாளிப்பது?

பதில்: இப்போதே தொடங்கினால் சமாளிக்கலாம், தீபாவளிக்கு முந்தின நாள் தொடங்கினால் முடியாது. வெடிச்சத்தத்தின் ஒலிப்பதிவை, பூனை காதைக்கூடத் திருப்பாத அளவுக்கு மிகக் குறைந்த ஒலியில், அது உணவு உண்ணும் வேளையில் மட்டும் ஒலிக்க விடுங்கள். பல வாரங்களில் மிக மெல்லக் கூட்டுங்கள். உண்பதை நிறுத்திவிட்டால் கூட்டியது அதிகம் என்று பொருள். குக்கர் விசிலையும் இப்படியே, கதவு சாத்திய அறையில் உணவோடு சேர்த்துப் பழக்கலாம்.

தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு வெடிப்பதற்குக் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என்று அரசு நேரம் வரையறுத்து வந்திருக்கிறது. நம் தெருக்கள் எந்த அளவுக்கு அதை மதிக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும் என்பதால், முந்தின நாள் பிற்பகல் முதலே பூனையை உள்ளறையில் வைத்துவிடுங்கள். சன்னல் மூடித் தடித்த போர்வை தொங்கட்டும். மின்விசிறியோ வானொலியோ ஓடட்டும். ஒளிவதற்குப் பெட்டியும் மணல் தட்டும் உள்ளேயே இருக்கட்டும். வாசல் கதவு அடிக்கடி திறக்கும் நாள் அது, ஆகவே அறைக்கதவில் 'திறக்காதீர்கள்' என்று எழுதிய ஒரு தாள் ஒட்டி வையுங்கள். சென்ற ஆண்டு ஓடிப்போன பூனை என்பதால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ இரண்டு வாரம் முன்பே காட்டி, அச்சம் தணிக்கும் மருந்து தேவையா என்று கேளுங்கள். உடலை அசையவிடாமல் செய்து அச்சத்தை அப்படியே உள்ளே விட்டுவைக்கும் சில பழைய மயக்க மருந்துகளும் உண்டு. மருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வாசகர், நாகர்கோவில்: வீட்டுக்கும் வெளிக்குமாகத் திரியும் எங்கள் சாதுவான பூனை திடீரென்று என் மகனைக் கடித்துவிட்டது. தடுப்பூசி போட்டதில்லை. வாயில் சற்று நுரை தெரிந்தது. வீட்டுப் பூனைதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறோம்.

பதில்: இக்கடிதத்துக்கும் உடனே தொலைபேசியில் பதில் சொல்லப்பட்டது. வெறிநோய் பூனைக்கும் வரும், பூனையின் கடியால் மனிதருக்கும் வரும். கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது, கட்டவும் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசமாகவே போடப்படுகிறது. காயம் ஆழமாக இருந்தால் அதைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் செலுத்துவார்கள். பூனையைக் கையால் தொடாமல் ஓர் அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 10 நாள் கண்காணிப்பார்கள், ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று மகனின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

வாசகி, ஈரோடு: பயந்த பூனைக்குத் துணையாக ஒரு குட்டியைக் கொண்டுவந்தால் தைரியம் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. ஒளிந்திருக்கும் பூனைக்குப் புதுக்குட்டி, தன் மணல் தட்டையும் படுக்கையையும் பங்குபோட வந்த இன்னோர் அந்நியனே. இப்போதிருக்கும் பூனை கூடத்தின் நடுவில் நீட்டிப் படுத்து உறங்கும் அளவுக்குத் தேறிய பிறகும் உங்களுக்கு இன்னொரு பூனை வேண்டும் என்று தோன்றினால், மதுரை வாசகிக்குச் சொன்ன முறையிலேயே கதவுக்கு இருபுறமும் வைத்துத் தொடங்குங்கள். பூனைக்கு ஒன்று என இரண்டு மணல் தட்டுகளோடு, கூடுதலாக மூன்றாவது ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.